போகாத கரடு

உருட்டுக்கரட்டில் குருவி இல்லை என்று எழுதியவள் சுபாஸ்ரீ. ஒரு தடவை அல்ல, பதினைந்து தடவை. மூன்று காலைப்பொழுது, ஒவ்வொரு காலையும் ஐந்து இடம், இடத்துக்கு ஒரு பூஜ்ஜியம். அவள் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். பூஜ்ஜியத்துக்கு அது இன்னும் தோதாகப் போயிற்று.

அந்தக் கரட்டில் அவள் கால் வைத்ததே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில், பெரிய மலை தொடங்குமுன் வரும் பாறைக் குன்றுகளைக் கரடு என்பார்கள். மேற்கு மலையின் காலடியில் அப்படி ஒன்பது கரடுகளைச் சேர்த்து, மூன்று வருடத்துக்கு முன் வேலி போட்டுச் சரணாலயம் என்று பலகை வைத்தார்கள். எல்லாம் ஒரு குருவிக்காக. மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று பெயர். வீட்டுக் கொய்யா மரத்தில் உட்கார்ந்து கத்துகிற கொண்டைக்குருவிக்கு உறவுக்காரன். ஆனால் இவனுக்குக் கொண்டையும் கிடையாது, ஊரும் ஆகாது. பாறையும் முள்ளுமாகக் கிடக்கிற வறண்ட சரிவில்தான் குடியிருப்பான். தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. கல் உடைக்க உடைக்க, காடு எரிய எரிய, ஆள் குறைந்துகொண்டே வந்தான்.

விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மார்க்கையன்கோட்டையில் வீட்டோடு இருந்த சுபாஸ்ரீக்கு, வனத்துறையில் அந்தக் குருவிகளை எண்ணுகிற தற்காலிக வேலை தை மாதம் கிடைத்தது. ஒன்பது கரடுக்கும் ஒரே முறைதான். விடிந்ததும் ஏற வேண்டும். வரைபடத்தில் குறித்த ஐந்து இடங்களிலும் பத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். நின்று பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால் பூஜ்ஜியம். போகவே முடியாத நாளுக்குப் பூஜ்ஜியம் போடக் கூடாது, கோடு போட வேண்டும். கோடு என்றால் தெரியாது. பூஜ்ஜியம் என்றால் இல்லை. தெரியாததும் இல்லாததும் ஒன்றல்ல என்று காவலுக்கு இருந்த வாட்சர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டி விளக்கியவளே அவள்தான். அவ்வளவு பேர் முன்னால் பேசியதில் அன்று அவளுக்குக் கை வியர்த்துச் சாக்பீஸ் நனைந்துவிட்டது.

எட்டுக் கரட்டுக்கு ஒழுங்காகப் போனாள். நாலாம் நம்பரான உருட்டுக்கரட்டுக்கு மட்டும் வழி ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் போயிற்று. அவள் தெருப் பெண்கள் லோடு ஆட்டோ ஏறி வேலைக்கு வருகிற தோட்டம் அது.

மாசியில் ஒரு காலை. ஆறு மணி இருக்கும். பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் கழுத்தில் பைனாகுலருமாக அவள் பந்தலுக்குக் கீழே நுழைந்தாள். பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் முதலில் பார்த்தது மாயக்காள். சுபாஸ்ரீ வீட்டுக்கு மூன்றாம் வீடு. நாற்பத்தைந்து வயது, உரத்த குரல், அந்தத் தோட்டத்தில் இருபது பெண்களை மேய்க்கிறவள்.

“யாரு அது, நம்ம சுபாவா? ஏத்தா, பேன்ட்டு சட்டைய மாட்டிக்கிட்டு எங்கன கெளம்பிட்ட?”

“குருவி எண்ண அத்தே.”

“என்னத்துக்கு?”

“எத்தனை இருக்குன்னு தெரியணும்ல.”

“தெரிஞ்சு? ரேசன் கார்டு குடுக்கப் போறாகளா?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒருத்தி, “எங்க வீட்டு ஓட்டுல நாலு கெடக்கு, அதையும் எழுதிக்கத்தா” என்றாள். இன்னொருத்தி, “பதினேழு வருசம் படிச்சது இதுக்குத்தானா? என்னையக் கேட்டிருந்தா படிக்காமலே எண்ணியிருப்பேன்” என்றாள்.

மாயக்காள் பைனாகுலரைப் பார்த்தாள். “தாலி தொங்க வேண்டிய எடத்துல டப்பாவத் தொங்க விட்டுட்டுத் திரியிற. உங்காத்தா பாத்தா அழுவாளா சிரிப்பாளா?”

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வெயிலுக்கு முன் வேலையை முடிக்கிறவர்கள் வாய்க்கு ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். சுபாஸ்ரீக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் காது சுட்டது. தானும் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்துவிட்டு, பேனாவை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினாள். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

கண்மாய்க் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தி எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தாள். படிவத்தில் கோடு போடலாம் என்று பேனாவை எடுத்தாள். கோடு போட்டால் பக்கத்திலேயே காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மழை, யானை, காய்ச்சல் என்று எல்லாரும் எழுதுகிற கட்டம். பந்தலில் சிரித்தார்கள் என்று அதில் எப்படி எழுதுவது? பூஜ்ஜியத்துக்குக் காரணம் கேட்பதில்லை. ஐந்து பூஜ்ஜியம் போட்டாள். அடுத்த இரண்டு நாளும் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கூட வருகிறேன் என்ற வாட்சரிடம், நம்ம ஊர் ஆளுக தோட்டந்தானண்ணே, நானே பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து மிச்சம் பத்தையும் எழுதினாள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்ன அழகா எழுதுற” என்றாள்.

பங்குனியில் தீப் பிடித்தது. யார் வைத்தது, எங்கே தொடங்கியது என்று இன்றுவரை தெரியாது. மூன்று நாள் எரிந்தது. மூன்று நாளும் ஊரில் காயப்போட்ட துணியில் சாம்பல் விழுந்தது. அணைந்த பிறகு போய்ப் பார்த்தால், ஒன்பது கரட்டில் எட்டு கருத்துக் கிடந்தன. உருட்டுக்கரட்டில் மட்டும் புல்லைவிடப் பாறை அதிகம். தீ அதன் கழுத்து வரை வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிட்டது.

சரணாலயத்தைத் திரும்ப உருவாக்குகிற வேலை ஆனியில் தொடங்கியது. ரேஞ்சர் பாண்டீஸ்வரன் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆட்களோடு சேர்ந்து தானும் குழி வெட்டுவார். அத்தியும் களாவும் சூரையும் நாற்றங்காலில் தயாராக இருந்தன. ஆனால் கன்று நட மண் இருக்க வேண்டுமே. எரிந்த சரிவில் வேர் இல்லை. ஐப்பசி மழை இறங்கினால் மேல்மண் மொத்தமும் ஓடைக்குப் போய்விடும். அதற்குமுன் சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு கட்டி மண்ணை நிறுத்த வேண்டும். அங்கேயே கிடக்கிற கல்லை எடுத்துக் கட்டலாம் என்று பார்த்தால், தீயில் வெந்த கல் கடப்பாரை பட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

நாற்றங்கால் கொட்டகையில் மேசைமேல் வரைபடத்தை விரித்து ரேஞ்சர் நாலாம் நம்பரில் விரலை வைத்தார்.

“வேகாத கல்லு இங்கன மட்டுந்தான் இருக்கு. சர்வேயப் பாத்தேன். மூணு நாளும் பூஜ்ஜியம். நம்ம குருவி இல்லாத ஒரே கரடு இதுதான். கல்லை இதுல எடுத்துக்குவோம். மத்த எட்டையும் காப்பாத்திரலாம்.” பிறகு சுபாஸ்ரீயைப் பார்த்தார். “என்னம்மா, சரிதான?”

“சரி சார்” என்றாள்.

அதைச் சொன்ன பிறகு அவளுக்கு மூன்று வாரம் இருந்தது. எந்த நாளிலும் போய்ப் பார்த்திருக்கலாம். கொடியை வெட்டிவிடுகிற கவாத்து வேலை முடிந்து பந்தலில் ஆள்கூட இல்லை. ஒருநாள் பந்தல் வாசல்வரை போனாள். ஏறிப் பார்த்து, குருவி இல்லாவிட்டால் நல்லது. இருந்துவிட்டால்? இருந்தால் சொல்ல வேண்டும். சொன்னால், அப்போது ஏன் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்க்காதவரை அவள் எழுதியது சரியாகவும் இருக்கலாம். அந்த ஒரு ‘இருக்கலாமை’ப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

கல் எடுக்கிற முதல் நாள் எல்லாரும் பந்தலுக்கு அப்பால், கரட்டின் அடிவாரத்தில் கூடினார்கள். டிராக்டரும் கல் உடைக்கிற கம்ப்ரசரும் தங்கப்பாண்டியனுடையவை. முந்தின நாளே அவர் மேலே ஏறி, உடைக்க வேண்டிய பெரிய கல்லில் எல்லாம் வெள்ளைப் பெயின்ட்டால் நம்பர் போட்டிருந்தார். கீழிருந்து பார்க்கும்போதே மூன்றும் எட்டும் பன்னிரண்டும் தெரிந்தன. கல் சுமக்கத் திராட்சைத் தோட்டத்துப் பெண்களே வந்திருந்தார்கள். மாயக்காள் தலையில் சும்மாட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

தங்கப்பாண்டியன் கம்ப்ரசரைக் கிளப்பப் போனபோது ரேஞ்சர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெண்களைப் பார்த்து, “நீங்க தெனமும் இங்கனதான வேலை பாக்குறீக. மஞ்சக் கழுத்துக் குருவி ஏதும் இந்தக் கரட்டுல பாத்திருக்கீகளா?” என்று கேட்டார்.

“குருவிக்கு என்ன சார், அது பாட்டுக்குக் கத்தும்” என்று மாயக்காள் தொடங்கினாள்.

“பொதுவாக் கேக்கல. இந்தப் புள்ள மாசியில மூணு நாள் ஏறிப் பாத்துச்சு. ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

மாயக்காள் திரும்பிச் சுபாஸ்ரீயைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது சுபாஸ்ரீக்குத் தெரிந்தது. பேனாவுக்குத் திரும்பிப் போன பெண் பிறகு வரவே இல்லை என்பது அந்தப் பந்தலில் எல்லாருக்கும் தெரியும். இப்போது சொல்லிவிடுவாள். இத்தனை ஆண்கள் முன்னால், அந்த உரத்த குரலில்.

“ஆமா சார்” என்றாள் மாயக்காள். “மூணு நாளும் வந்துச்சு. நாங்க வேலை தொடங்குறதுக்குள்ள ஏறிரும். எறங்கி வந்து ஒண்ணுமில்ல அத்தேன்னு சொல்லும். பாவம், பனியில நனைஞ்சுபோயி வரும்.”

பின்னாலிருந்த பெண்கள் சும்மாட்டைச் சரிசெய்தார்கள்.

“அப்பச் சரி” என்றார் ரேஞ்சர்.

சுபாஸ்ரீ மாயக்காள் பக்கத்தில் போய் நின்றாள். “ஏன் அத்தே அப்பிடிச் சொன்னீக?”

“பெறகு? அம்புட்டு ஆம்பளைக முன்னால நம்ம தெருப் புள்ளையக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?” மாயக்காள் அவளைப் பார்க்காமலே முணுமுணுத்தாள். “போ. போயி நெழல்ல நில்லு. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு.”

“மேல குருவி இருக்கா அத்தே?”

“நான் குனிஞ்சு வேலை பாக்குறவ. எனக்கென்னத்தா தெரியும்? காலையில மேலயிருந்து ஏதோ சத்தம் வரும். கேட்டுக்குவேன்.”

மாயக்காள் சிரித்திருந்தால் சுபாஸ்ரீ பொறுத்திருப்பாள். காட்டிக் கொடுத்திருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பனியில் நனைந்து வந்தாள் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி எழுதிய பொய்க்கு, இந்தப் பெண் பனியெல்லாம் சேர்த்து உயிர் கொடுத்துவிட்டாள். இனி அது சுபாஸ்ரீ ஒருத்தியின் பொய் இல்லை. இருபது பெண்கள் அதன்மேல் நின்றார்கள்.

கம்ப்ரசர் ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குள் அவள் ரேஞ்சரிடம் நடந்து போனாள்.

“சார், தனியா ஒண்ணு பேசணும்.”

“என்னம்மா? சத்தமாச் சொல்லு.”

“தனியா சார்.”

“ஏம்ப்பா, அதை அமத்து!” என்று கத்தினார். கம்ப்ரசர் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “இப்பச் சொல்லு.”

“போகல சார்.”

“எங்கன போகல?”

“இந்தக் கரட்டுக்கு. மாசியில. மூணு நாளும் போகல. போகாமலே பூஜ்ஜியம் போட்டேன்.”

ரேஞ்சர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப மேல குருவி இருக்கு. அப்பிடித்தான?”

“தெரியாது சார்.”

“இல்லையா அப்ப?”

“அதுவும் தெரியாது சார். நான் பாக்கல.”

“இந்தம்மா நீ வந்தேன்னு சொன்னாகளே.”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தன் பொய்யை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஒரு நொடி, மாயக்காளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. மாயக்காள் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை என்னையக் காப்பாத்தத்தான் சார் அப்பிடிச் சொன்னாக” என்றாள்.

தங்கப்பாண்டியன் சிரித்துவிட்டார். “நல்லாருக்கு சார். ஒரு புள்ள வராமலே வந்தேங்குது. ஒரு அம்மா பாக்காமலே பாத்தேங்குது. பேசாம குருவியவே கூப்புட்டு, இருக்கியா இல்லையான்னு கேட்டுருவோமா?”

யாரும் கூடச் சிரிக்கவில்லை. இருபது பெண்களை மேய்க்கிற அந்தக் குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ரேஞ்சர் தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். “நாளைக்கு எட்டு மணி வரைக்கும் வண்டி நிக்கட்டும். விடிஞ்சதும் ஏறு. அஞ்சு எடம். நின்னு பாரு. பாத்துட்டு வந்து சொல்லு.” திரும்பி இரண்டடி போனவர் நின்றார். “மத்த எட்டுக் கரடு? அதுக்குப் போனியா?”

“போனேன் சார். சத்தியமாப் போனேன்.”

“அதை நான் எதை வச்சு நம்புறது?”

எட்டுக் கரட்டிலும் முள் கிழித்த தழும்பு முழங்காலுக்குக் கீழே இருந்தது. அதைக் காட்டவா முடியும்? எட்டும் இப்போது சாம்பல். திரும்பப் போய்ச் சரிபார்க்கவும் ஒன்றும் மிச்சமில்லை. எரிந்த கரடுகளில் எத்தனை குருவி இருந்தன என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே கணக்கு அவள் கையெழுத்துதான். அதைத்தான் அவர் நம்ப முடியாது என்கிறார்.

மறுநாள் விடியலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பந்தல் ஓரத்தில் பெண்கள் முன்கூட்டியே வந்து கேனிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போனாள். ஒருத்தி டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கரட்டின் அடியில் மாயக்காள் நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகி, அதற்குமேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள்.

“அத்தே, என்னைய மன்னிச்சிருங்க” என்றாள் சுபாஸ்ரீ.

“அதெல்லாம் பெறகு. நடந்து போ.”

“நீங்க எதுக்கு?”

“ஆபீசர் கேட்ட கேள்விக்கு நானுந்தான பொய் சொன்னேன்? நேத்துச் சாயங்காலம் எம் மகன் கேக்குறான், ‘என்னாம்மா, டிராக்டர்க்காரரு என்னமோ சொல்றாரே’ன்னு. எனக்கு எம் பிள்ளை மொகத்தப் பாக்க முடியல.” அவள் முன்னால் ஏறத் தொடங்கினாள். “நான் சொன்ன பொய்யி எம்புட்டுப் பெருசுன்னு எனக்குத் தெரியணும்.”

முதல் இடத்தில் நின்றார்கள். பத்து நிமிடம். ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டை போட்டுக்கொண்டு போயிற்று. வெண்புருவச் சின்னான் ஒன்று புதருக்குள்ளிருந்து பேசியது. மாயக்காள் அவள் முகத்தைப் பார்த்தாள். சுபாஸ்ரீ தலையை ஆட்டினாள். இது இல்லை.

இரண்டாம் இடத்தில் அதுவும் இல்லை. சாரல் நின்று, பாறையிலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்துக் கல்லில் எட்டு என்று எழுதியிருந்தது. பத்து நிமிடம் முடிந்தது. பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டாள். போடும்போது நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இல்லை. உண்மையிலேயே இல்லை. இன்னும் மூன்று இடம். அங்கேயும் இல்லாவிட்டால் அவள் எழுதியது சரியாகிவிடும். மாயக்காள் சொன்னதும் பெரிய பொய் ஆகாது. ரேஞ்சருக்குக் கல் கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. இல்லாமல் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். எதை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அடுத்த கல்லில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது. உலகத்தில் கொஞ்சமே மிச்சமிருக்கிற ஒரு உயிர், இங்கேயும் இல்லாமல் போகட்டும் என்று.

பொய் எழுதியபோதுகூட இப்படி ஒரு வெட்கம் அவளுக்கு வரவில்லை. பந்தலில் வந்த வெட்கத்துக்கு நாலு பேர் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் இடத்துக்குப் போகுமுன்னே சத்தம் வந்துவிட்டது. நீர் கொப்பளிப்பதுபோல், கடகடவென்று, முடிவில் ஒரு வெட்டு. மாயக்காள் நின்றுவிட்டாள்.

“இதுதான்த்தா. இந்தச் சத்தந்தான் கேக்கும்.”

பாறை இடுக்கில் முளைத்த ஒரு கல் அத்தியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. நனைந்த முதுகு பாறை நிறம். திரும்பியபோது தலையும் தொண்டையும் மஞ்சள். அரைத்த பச்சை மஞ்சள்போல் அப்படி ஒரு மஞ்சள். பக்கத்தில் இன்னொன்று. மேலே இரண்டு. சுபாஸ்ரீ பைனாகுலரைத் தூக்கினாள். ஏறி வந்த மூச்சிரைப்பில் ஒன்று நாலாகத் தெரிந்தது. இறக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, திரும்பத் தூக்கினாள். எண்ணினாள். ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது என்று, பறந்து போனதை விட்டுவிட்டு எண்ணினாள். ஆறு.

நாலாம் இடத்தில் மூன்று. ஐந்தாம் இடத்தில் இரண்டு. அதில் ஒன்று வாயில் பச்சைப் புழுவோடு வந்து, இவர்களைப் பார்த்துப் பார்த்துத் தயங்கி, கடைசியில் ஒரு பெரிய கல்லின் வெடிப்புக்குள் போயிற்று. உள்ளேயிருந்து மெல்லிய கீச்சு. வெளியே வந்தபோது வாயில் புழு இல்லை. கல்லின்மேல் இருபத்து மூன்று என்று வெள்ளைப் பெயின்ட் இன்னும் பளிச்சென்று இருந்தது.

“கூடா?” என்றாள் மாயக்காள்.

“ஆமா அத்தே. குஞ்சு இருக்கு.”

மாயக்காள் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதுக மாசியிலயும் இங்கனதான் இருந்துச்சா? இல்ல தீக்குப் பயந்து இப்ப வந்துச்சா?”

சுபாஸ்ரீ படிவத்தைப் பார்த்தாள். சாதாரணமான கேள்விதான். ரேஞ்சரும் இதைத்தான் கேட்பார். முன்பே பதினொன்று இருந்திருந்தால், எரிந்த கரடுகளிலிருந்து ஒன்றும் தப்பி வரவில்லை என்று அர்த்தம். ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால், இத்தனையும் தப்பி வந்தவை. தீயில் எத்தனை போயின, எத்தனை பிழைத்தன என்று அறிய அந்த மூன்று காலைகள் போதும். போய் நின்றிருந்தால் போதும்.

“தெரியாது அத்தே. இனிமே யாருக்கும் தெரியாது.”

மாயக்காள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி திரும்பவும் புழுவோடு வந்தது. அது உள்ளே போகும்வரை இருவரும் அசையவில்லை.

“மொத்தம் எம்புட்டு?”

“பதினொண்ணு. குஞ்சைச் சேக்காம.”

“அம்புட்டுப் பெருசா” என்றாள் மாயக்காள்.

“அது என்னோடது அத்தே. உங்களோடது இல்ல.”

“சும்மா இரு. பங்கு போடுற சொத்தா இது?”

கீழே டிராக்டர் பக்கத்தில் ரேஞ்சரின் ஜீப் வந்து நின்றது. பெண்கள் எழுந்து நின்றார்கள். தங்கப்பாண்டியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். சுபாஸ்ரீ மூன்றாம் இடத்துக்கு ஆறு, நாலாம் இடத்துக்கு மூன்று, ஐந்தாம் இடத்துக்கு இரண்டு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

“நீ முன்னால எறங்கு” என்றாள் மாயக்காள். “நீதான் பேசணும். இன்னைக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

என்ன பேச வேண்டும் என்று சுபாஸ்ரீ மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கல்லுக்கு வேறு வழி பார்க்கச் சொல்ல வேண்டும். மாசியைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். எட்டுக் கரட்டின் கணக்கைக் கிழித்துப் போட்டாலும் சரி என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மட்டும் வாய் வருமா என்று தெரியவில்லை.

இறங்கினாள். கீழே இருந்தவர்களின் முகம் தெரிகிற தூரம் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்கினாள். ஈரப் பாறை, பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது.